கரண்ட் பில்லைக் குறைக்குமா இந்தப் பெட்டி?

எங்கள் வீட்டுக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்ததும், பில் ஏறிவிடுமோ என்று பயந்த அப்பா ‘பவர் சேவர்’ பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். பிளக்கில் சொருகினால் பில் பாதியாகுமாம்! நான் திறந்து பார்த்தேன். (நீங்கள் திறக்காதீர்கள், ஷாக் அடிக்கலாம்.) உள்ளே ஒரு கெப்பாசிட்டர், ஒரு எல்.இ.டி. விளக்கு, அவ்வளவுதான்.

கெப்பாசிட்டர் பவர் ஃபேக்டரை மாற்றலாம். ஆனால் வீட்டு மீட்டர் கணக்கிடுவது உண்மையில் செலவான யூனிட்டை மட்டுமே.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு ஃபேன் மட்டும் ஓடட்டும். டிஜிட்டல் மீட்டரின் சிவப்பு விளக்கு 10 நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். பெட்டியைச் சொருகி மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை குறையாது.

100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். வேலை முடிந்ததும் ஷட்டவுன் செய்து சுவிட்சை அணையுங்கள். அப்பா இப்போது அதைத்தான் செய்கிறார்.