எட்டாம் பருவம்

(மூன்றாம் ஆண்டு விலங்கியல் மாணவி)

உலா இலக்கியம் பயின்ற தமிழ்த்துறை நண்பர்கள் பெண்ணின் பருவங்கள் ஏழு என்பதை நன்கறிவர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என அவை விரியும். பாட்டியல் நூல்கள் இவற்றுக்கு வயதும் வகுத்துள்ளன. ஐந்து வயதில் தொடங்கி எண்ணிக்கொண்டு வந்தால், பேரிளம்பெண் 32 முதல் 40 வரை என்று முடிகிறது. நாற்பதுக்கு மேல் பெண் இல்லையோ எனின், இருக்கிறாள். தலைவன் உலா வரும் வீதியில் அவளுக்கு இடமில்லை, அவ்வளவே. எங்கள் விலங்கியல் பாடநூலும் இவ்வகையில் உலாவை ஒத்ததே. மாதவிடாய்ச் சுழற்சியைப் படங்களுடன் விரிவாக விளக்கிவிட்டு, அது நிற்பதை இரண்டு வரிகளில் சொல்லி அடுத்த பாடத்திற்குப் போய்விடுகிறது. அந்த இரண்டு வரிகளில் அடங்காத செய்திகளை, கணியம்பாடி ஒன்றியத்தில் உள்ள எங்கள் ஊரில் நான் கண்டவற்றோடு சேர்த்து எழுதுவதே என் நோக்கம். ஆண் நண்பர்கள் ‘இது நமக்கன்று’ எனப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா.

மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால் அது நிலையாக நின்றுவிட்டதாக மருத்துவர் கொள்வர். அதற்கு முன்னர், முறை தவறியும் மிகுந்தும் குறைந்தும் வரும் இடைக்காலம் ஒன்று சில ஆண்டுகள் நீடிக்கும். தொல்லைகள் பெரும்பாலும் அப்போதே தலைகாட்டும். மேலைநாடுகளில் சராசரியாக 51 வயதில் நிகழும் இம்மாற்றம் நம் நாட்டுப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. கடைசிப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும், மூத்த பெண்ணின் திருமணக் கடனும் தலைமேல் நிற்கும் வயது அது.

உடலில் நடப்பது என்ன? பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து இலட்சத்திற்குக் குறையாத முட்டைகள் உள்ளன. பூப்பெய்தும்போது மூன்று, நான்கு இலட்சமே எஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிப்படுபவை ஏறத்தாழ 400 மட்டுமே. ஏனையவை தாமே அழிந்துபோகும். இந்தக் கையிருப்பு தீர்ந்தவுடன் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் சுரப்பு வீழ்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பிப் பார்க்கும், மறுமொழி இராது. உடலின் வெப்பத்தைக் காக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியோ, ஈஸ்ட்ரோஜன் குறைந்த நிலையில் மிகச் சிறிய வெப்ப உயர்வையும் பொறாது. உடல் கொதிக்கிறது என எண்ணித் தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து வியர்வையைப் பெருக்கிவிடும். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிப் பின்னர் குளிரும். இது பகலில் பத்து முறையும் வரலாம். இரவில் வந்து உறக்கத்தையும் கெடுக்கலாம். இதனோடு மூட்டுவலி, படபடப்பு, மறதி, காரணமில்லா அழுகை, பிறப்புறுப்பு வறட்சி, சிறுநீர்க் கடுப்பு ஆகியவற்றுள் சிலவோ பலவோ சேரும். கண்ணுக்குத் தெரியாமல் எலும்பும் தேயத் தொடங்கும்.

எங்கள் ஊரில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. ‘நின்னு போச்சு’ என்பார்கள்; அத்துடன் பேச்சும் நின்றுபோகும். என் பெரியம்மா இருபது ஆண்டுகளாக ஷூ கம்பெனிக்குப் போய் வருபவர். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பரந்து கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில், விடியலில் கம்பெனி வண்டி ஏறி இருட்டியபின் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான பெண்களுள் அவரும் ஒருவர். ஷூவின் மேல்பகுதித் தோலை மெஷினில் தைப்பது அவர் வேலை. தையல் ஒரு நூல் பிசகினாலும் அந்தத் துண்டு கழிவுக்குப் போகும். அவருக்கு 48 வயதில் இச்சூடு தொடங்கியது. “குப்புன்னு ஏறுதுடி, கண்ணுக்குள்ள வேர்வை இறங்குது, ஊசி எங்க போவுதுன்னே தெரியல” என்று என் அம்மாவிடம் ஒரு நாள் மெதுவாகச் சொன்னார். இரவில் உறக்கமில்லை, பகலில் கையில் நடுக்கம். வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரை போய்விட்டார். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கடைசியில் கண்ணேறு என எல்லாவற்றையும் எண்ணியவர், இதை மட்டும் எண்ணவில்லை.

இதற்கு மருந்து உண்டா? உண்டு. குறைந்துபோன ஹார்மோனைச் சிறிதளவில் வெளியிலிருந்து தருவதே ஹார்மோன் மாற்று மருத்துவம். இதன் வரலாறு ஒரு கதை போன்றது. 1929இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டெனாண்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் ஒன்றைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். 1942இல் சினையுற்ற குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ‘பிரிமரின்’ என்னும் மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1966இல் இராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர், இம்மாற்றம் ஒரு குறைபாட்டு நோய் என்றும், மாத்திரை உண்டால் பெண்மை என்றும் நிலைக்கும் என்றும் நூல் எழுதினார். நூல் பெருவாரியாக விற்றது. அவருக்கு மருந்து நிறுவனப் பணம் கிடைத்த செய்தி பின்னரே வெளிவந்தது. மூப்பை நோய் என்றால் மருந்து விற்பனைக்கு முடிவேது!

1975இல் முதல் அடி விழுந்தது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் உண்ட பெண்களிடம் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் மிகுவதாக இரண்டு ஆய்வுகள் காட்டின. ஈஸ்ட்ரோஜன் அச்சவ்வை வளர்க்கும். வளர்ச்சியை அடக்கும் புரோஜெஸ்ட்ரோன் இல்லாததே குற்றம் என்று தெளிந்து, கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே தரும் முறை வந்தது. அறுவையில் கருப்பையை இழந்தவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

இரண்டாம் அடி 2002 ஜூலையில் விழுந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த பேராய்வு, இரட்டை ஹார்மோன் உண்டவரிடம் தீமை மிகுந்தது எனக் கூறி இடையில் நிறுத்தப்பட்டது. மார்புப் புற்றுநோய் 26 விழுக்காடு கூடியது எனச் செய்தித்தாள்கள் எழுதின. உலகெங்கும் பெண்கள் மாத்திரைகளை எறிந்தனர். மருத்துவர்களும் எழுதித் தர அஞ்சினர். புள்ளியியல் பயிலும் நண்பர்கள் இங்குச் சற்று நிற்க வேண்டும். 10,000 பெண்களை ஓராண்டு கவனித்தால், வெறும் மாத்திரை உண்டவருள் 30 பேருக்கும், ஹார்மோன் உண்டவருள் 38 பேருக்கும் மார்புப் புற்றுநோய் கண்டது. முப்பதின்மேல் எட்டு என்றால் ஏறத்தாழ 26 விழுக்காடுதான்; பத்தாயிரத்தில் எட்டு என்றாலும் அதே உண்மைதான். ஆனால் முதல் வகையில் கேட்ட பெண்ணின் நெஞ்சு வேறாகவும், இரண்டாம் வகையில் கேட்டவளின் நெஞ்சு வேறாகவும் துடிக்கும். அந்த எட்டுப் பேரைச் சிறுமைப்படுத்துவது என் கருத்தன்று. பக்கவாதம் எட்டும், மாரடைப்பு ஏழும் கூடின. இடுப்பெலும்பு முறிவு ஐந்தும், பெருங்குடல் புற்றுநோய் ஆறும் குறைந்தன. இவ்வளவும் சேர்ந்ததே கணக்கு.

மற்றொன்று. அவ்வாய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆனவர்கள். சூட்டின் தொல்லையால் மருந்து தேடி வருபவரோ ஐம்பதை ஒட்டியவர். பின்னர் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்கு உட்பட்டவராகவோ, நின்று 10 ஆண்டுகளுக்கு உட்பட்டவராகவோ உள்ள உடல்நலமுடைய பெண்களுக்கு, கடுமையான சூட்டுத் தொல்லைக்கு இம்மருந்தின் நன்மை தீமையினும் மிகுதி என்ற முடிவுக்கு மருத்துவச் சங்கங்கள் வந்தன. 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத் துறை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இம்மருந்துகளின் மேலிருந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்பது பற்றிய எச்சரிக்கையை மட்டும் விட்டுவைத்தது. ஒரு காலத்தில் அமுதம், பின்னர் நஞ்சு, இப்போது மருந்து. மூன்றாவதே சரி என்பது என் கருத்து.

மருந்து எனின், அது எல்லார்க்கும் ஆகாது. மார்புப் புற்றுநோய் வந்தவர், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தவர், மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர், ஈரல் நோயுள்ளவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர் ஆகியோர்க்கு இதனைத் தருவதில்லை. தொடங்குமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றைச் சோதிப்பர். தோலின் மேல் தடவும் களிம்பாகவும் ஒட்டும் பட்டையாகவும் தரும் ஈஸ்ட்ரோஜன், மாத்திரையைப்போல் இரத்த உறைவைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் விலை கூடுதல்.

இவ்வளவு செய்தியும் நூலகத்தில் கிடைக்கும். ஆனால் பெரியம்மாவை மருத்துவரிடம் கொண்டுசென்றது நூலகமன்று. ஞாயிறு மாலை மாரியம்மன் கோயில் திண்ணையில் கூடும் மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரியில் தொடங்கிய இக்குழுக்கள் இன்று தமிழகத்தில் இல்லாத ஊர் இல்லை. தவணை கட்டிக் கணக்கு முடித்த பின் நடக்கும் பேச்சு தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. உண்மையான கூட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு நாள் பெரியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டதைக் கண்ட ஊக்குநர் அக்கா, “உனக்குமாக்கா?” என்றார். அந்த ‘உம்’ என்னும் ஈரெழுத்துதான் வாயைத் திறந்தது. பன்னிருவரில் ஐவர் அதே துன்பத்தில் இருந்தனர்.

அவர்களுள் ஒருவருக்கு வயது 41. மிகுந்த உதிரப்போக்கு என்று சென்றபோது, 37 வயதில் நகரத்து மருத்துவமனை ஒன்றில் கருப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் போனால் மறுநாளே ஹார்மோன் அடியோடு வீழும். இயல்பான இடைக்காலமே இல்லை. இதனை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. ‘ஆபரேஷனுக்கப்புறம் கோபக்காரி ஆயிட்டா’ என்று வீட்டார் நான்கு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தனர். இயல்பான வயதுக்கு முன்பே சினைப்பைகளை இழந்தவர்க்கு, தடை ஏதும் இல்லையெனில், ஏறத்தாழ ஐம்பது வயது வரை ஹார்மோன் தருவதே முறை. எலும்புக்கும் இதயத்துக்கும் அது காப்பு. ஐவரிலும் மருந்து மிகத் தேவைப்பட்டவர் அவரே. ஆனால், ‘எனக்கு எல்லாம் எடுத்தாச்சு, எனக்கென்ன மருந்து’ என்று ஒதுங்கியிருந்தவரும் அவரே.

கிராம சுகாதாரச் செவிலியரைக் குழுவுக்கு அழைத்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியது முதல் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரும் வந்தார். ஒரு நோட்டில் ஒவ்வொருவரும் சூடு எத்தனை முறை வந்தது, எத்தனை மணி உறங்கினோம் எனக் குறித்தனர். எழுதத் தெரியாத இருவருக்கு நான் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து மருத்துவரிடம் அந்த நோட்டு பேசியது. ‘உடம்பு முடியல’ என்று சொல்லிச் சத்து மாத்திரையோடு திரும்பும் வழக்கம் அன்று இல்லை.

கணியம்பாடி ஒன்றியம் சமூக மருத்துவ ஆய்வுகளில் பெயர் பெற்ற இடம். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக நலத் துறை பல்லாண்டுகளாக இவ்வூர்களில் பணிபுரிகிறது. அக்கல்லூரிக்கு வித்திட்ட ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பேற்றில் மடிந்ததைத் திண்டிவனத்தில் கண்டே அவர் மருத்துவம் கற்றார். பேறு பற்றிய அந்த வெட்கம் நம் ஊர்களில் பெரும்பாலும் நீங்கிவிட்டது. இந்தப் பருவத்தின் வெட்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

குழுவில் தீமையும் நேர இருந்தது. மருந்து தொடங்கி மூன்று வாரத்தில் பெரியம்மாவின் சூடு தணிந்ததும், “எனக்கும் அந்த மாத்திரையில நாலு குடு” என்று கேட்டார் ஒருவர். அவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் காலில் இரத்தம் உறைந்து வீங்கியிருந்தது. ஊக்குநர் அக்கா அதை நினைவில் வைத்திருந்ததால் தடுத்தார். சேர்ந்து போகலாம், சேர்ந்து கேட்கலாம், மாத்திரையைப் பகிரக் கூடாது என்பது அன்று குழுவின் சட்டமாயிற்று. அவருக்கு மருத்துவர் ஹார்மோன் தரவில்லை. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்து ஒன்று சிறிய அளவில் இச்சூட்டையும் தணிக்கும் என அதை எழுதினார். ‘என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரு’ என்று அவர் அதை அலமாரியில் வைத்துவிட்டார். உடன் சென்ற இருவர், மருத்துவர் சொன்னதை மீண்டும் மீண்டும் எடுத்துச் சொன்ன பின்னரே உண்டார்.

எங்கள் வட்டாரத்து முதியவர்கள் உளுந்தங்களியும் எள்ளும் தருவர். நல்ல உணவே, சூட்டை நிறுத்தும் என்பதற்கு மட்டும் போதிய சான்றில்லை. எலும்புக்குக் கேழ்வரகு மிக நன்று. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசி வந்தபின் களி கிண்டுவதை மறந்த வீடுகளில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரியம்மாவுக்கு முதலில் கொதிப்பைக் கட்டுப்படுத்திய பின்னரே ஹார்மோன் தொடங்கினர். சிறிய அளவு ஈஸ்ட்ரோஜன், இரவில் புரோஜெஸ்ட்ரோன். 41 வயதுக்காரருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். மீதி இருவருள் ஒருவர், தொல்லை பொறுக்குமளவே உள்ளது எனச் சொல்லி மருந்து வேண்டாமென்றார், குழு வற்புறுத்தவில்லை. மற்றவருக்கு நின்று ஈராண்டு கழிந்தபின் உதிரம் பட்டிருந்தது. அதை அவர் ‘திரும்ப வந்துடுச்சு’ என மகிழ்ச்சியாகவே சொன்னார். நின்றபின் ஒரு துளி பட்டாலும் உடனே சோதிக்க வேண்டும் என்று செவிலியர் கூறியிருந்ததால், மறுநாளே இருவர் ஒரு நாள் கூலியை விட்டு அவரை அழைத்துச் சென்றனர். உட்சவ்வில் சிறு கட்டி இருந்தது. எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் இல்லை.

மூன்று மாதம் கழித்து மருத்துவர் பெரியம்மாவை மீண்டும் வரச் சொல்லியிருந்தார். அளவு சரியாக உள்ளதா, உதிரம் படுகிறதா, அழுத்தம் ஏறியதா எனப் பார்த்தார். ஆண்டுக்கொரு முறை தொடர்வதா நிறுத்துவதா என்று பேசி முடிவு செய்யலாம் என்றார். நோட்டில் அந்த மாதத்துக் கணக்கு: சூடு, நாளொன்றுக்கு ஒன்று, உறக்கம், ஆறு மணி. பெரியம்மா இப்போதும் விடியலில் கம்பெனி வண்டி ஏறுகிறார்.