ஊராட்சி வரை வந்த கண்ணாடி இழை

விருதுநகர்ச் சந்தை நிலவரத்திற்காகப் பத்திரிகையை எதிர்நோக்கியிருந்த காலத்தை நம் அங்கத்தினருள் மூத்தோர் மறந்திரார். அச்சான விலை, மிளகாய் மூட்டை வண்டியேறுமுன் மாறிவிடுதலும் உண்டு. இன்று அவ்விவரம் கைப்பேசியிலேயே வருகின்றது. அலை எட்டும் இடத்தில் மட்டும்.

இந்நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள். நெடுங்காலம் அது நகரத்தாரின் வசதியாகவே இருந்தது. கிராமங்களுக்கென 2011-இல் மத்திய அரசு ஏற்ற திட்டமே பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு, தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தினுடையது.

இவ்விழையை நெசவாளர்க்கு விளக்குதல் எளிது. மேற்பூச்சு நீங்கலாக அதன் கனம் மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. நடுவேயுள்ள மிக மெல்லிய பாதையில் ஒளி, ஓரங்களில் பட்டுப் பட்டு உள்ளேயே திரும்பி ஓடுகின்றது. அறுந்தால் பாவு நூலைப் போல் விரலால் பிணைத்துவிட இயலாது; இரு முனைகளையும் நேர்நிறுத்தி உருக்கி ஒட்டுதல் வேண்டும். ஆதலின் பழுது பார்ப்பவர் அருகில் இல்லையெனில் இழை இருந்தும் பயனில்லை.

இழை ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடின் தறி வீட்டிற்கு யாது பயன்? வினாடிக்கு 100 மெகாபிட் வருவதாகக் கொள்வோம். 50 வீட்டார் ஒரே வேளையில் பயன்படுத்தினால் ஒரு வீட்டிற்கு 2 மெகாபிட்டே. விலை பார்க்க இது தாராளம். சிவகாசி அச்சகத்தார் பெரிய வண்ணப்படம் அனுப்பவோ போதாது.

மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகாவில் இக்கடைசித் தூரத்தைச் சில இடங்களில் கூட்டுறவுச் சங்கங்களே கடந்தன. கூப்பெலெஸ்கா, கூப்பெகுவானகாஸ்தே ஆகியவை 1960-களில் கிராமங்களுக்கு மின்சாரம் தரத் தோன்றியவை. அங்கே தொலைத்தொடர்பு அரசு நிறுவனம் ஒன்றன் தனியுரிமையாக இருந்தது. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் பிறர்க்கும் வழிவிட்டபின், இச்சங்கங்கள் இணைய இணைப்பும் வழங்கலாயின. மின்கம்பமும் அங்கத்தினரும் முன்னரே அவற்றிடம் இருந்தமை பெரும் வசதி.

நம் நெசவாளர் சங்கங்களிடம் கம்பமில்லை, கட்டடம் உண்டு. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஏற்ற பி.எம். வாணி திட்டத்தின்படி, சிறு கடையும் உரிமமின்றிப் பொது வைஃபை நடத்தலாம். சங்கக் கட்டடத்திலும் இது இயலும். வேண்டுவன ஓர் இணைப்பும் ஒரு கருவியும் தடையற்ற மின்சாரமும். மாதக் கட்டணத்தை எவர் ஏற்பது, பழுதுற்றால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்னும் இரண்டையும் ஒப்பந்தத்திற்கு முன்பே பொதுக்குழுவில் கேட்டு எழுதிக்கொள்க.