கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் முன்

மீஞ்சூர், வள்ளூர், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தெருவில் நாலு பீரோவைத் திறந்தால் நாலு நாட்டு வீடியோ கிடைக்கும். உள்ளூர் ஸ்டுடியோக்காரர் எடுத்த கல்யாணம், துபாயில் வாங்கிய ஹேண்டிகேமில் பிடித்த பிறந்தநாள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருப்பவர்களுக்குக் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் உறவுகள் அனுப்பிய கேசட். பார்வைக்கு எல்லாம் ஒரே கறுப்புப் பெட்டிதான், உள்ளே இருக்கும் சிக்னல் வேறு வேறு. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பெரும்பாலான வளைகுடா நாடுகள் எல்லாம் 'பால்' முறை (பிஏஎல் என்று எழுதியிருக்கும், பசும்பால் இல்லை): 625 கோடு, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கா, கனடா, ஜப்பான் என்டிஎஸ்சி: 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேம். பிரான்ஸ் கேசட் செகாம் முறையாகவும் இருக்கலாம். கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் கேப்சர் மென்பொருள் இதையெல்லாம் உங்களிடம் கேட்காது. தானே ஒரு நாட்டை நினைத்துக்கொண்டு பதிவைத் தொடங்கிவிடும்.

செய்ய வேண்டியவை

• கேசட் எந்த நாட்டில் பதிவானது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். தெரியாவிட்டால் லேபிளைப் பாருங்கள்: இ-180 என்றிருந்தால் பால் நாடுகளுக்கு விற்ற டேப், டி-120 என்றால் என்டிஎஸ்சி நாடுகளுக்கு விற்றது. இது துப்புதான், தீர்ப்பில்லை. காலி டேப்பை யாரும் எங்கும் கொண்டுபோயிருக்கலாம்.

• வீடியோ ஸ்டாண்டர்டை நீங்களே தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் ஸ்டுடியோவில் கேப்சர் கார்டின் அமைப்புக்குள் 'கான்ஃபிகர் வீடியோ' என்று ஒன்று இருக்கும். நம் ஊர் கேசட்டுக்கு அதில் பால்-பி வையுங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ கேசட் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள், முதலில் இந்த ஒரு இடத்தைப் பாருங்கள். நல்ல கேசட்டைக் கெட்டது என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

• ஐந்து நிமிடம் மட்டும் பதிவு செய்து, ஃபைலின் பட அளவையும் ஃபிரேம் வேகத்தையும் சரிபாருங்கள். பால் என்றால் 720×576, 25 ஃபிரேம். என்டிஎஸ்சி என்றால் 720×480, 29.97. வேறு எண் வந்தால் மூன்று மணி நேரக் கேசட்டை ஓட்டிப் பயனில்லை.

• கனடா கேசட்டுக்கு என்டிஎஸ்சி ஓடும் டெக்கை (விசிஆரை) தேடுங்கள். வளைகுடாவிலிருந்து வந்த மல்டி-சிஸ்டம் டெக் கிடைத்தால் நல்லது. ஆனால் அவற்றில் பல, சிக்னலைப் பாதிதான் மாற்றித் தரும். டிவியில் கலராகத் தெரிவது கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாகும். 'கான்ஃபிகர் வீடியோ' பட்டியலில் பால்-60, என்டிஎஸ்சி 4.43 இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

• ஓட்டும் முன் கேசட்டின் ஜன்னல் வழியே டார்ச் அடியுங்கள். கடல் ஈரமும் சாம்பல் தூசியும் சேர்ந்த ஊர் நம்முடையது. வெள்ளை நூல் மாதிரி பூசணம் தெரிந்தால் ஓட்டாதீர்கள், டெக்கின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

• திரையில் பதிந்திருக்கும் தேதியைக் கல்யாணப் பத்திரிகையோடு ஒத்துப் பாருங்கள். அமெரிக்காவில் வாங்கிய கேமரா மாதத்தை முதலில் போட்டிருக்கலாம். 04/05 என்பது சித்திரையா பங்குனியா என்று பத்திரிகைதான் சொல்லும்.

செய்யக்கூடாதவை

• கேசட்டோடு டிவிடியும் இருந்தால், டிவிடி டிரைவ் 'ரீஜனை மாற்றவா?' என்று கேட்கும்போது ஓகே அழுத்தாதீர்கள். ரீஜன் என்பது டிஸ்க் எந்த நாடுகளில் ஓடும் என்று சொல்லும் எண். இந்தியா 5, அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவின் பெரும்பகுதியும் வளைகுடாவும் 2, சிங்கப்பூர் 3. ஐந்து முறைதான் மாற்றலாம், கடைசியாக வைத்ததோடு டிரைவ் பூட்டிக்கொள்ளும். ஸ்டுடியோவில் எழுதித் தந்த கல்யாண டிவிடிக்கு ரீஜனே கிடையாது. இந்தக் கேள்வி வந்தால் நீங்கள் போட்டிருப்பது கடையில் வாங்கிய சினிமா டிஸ்க். கல்யாண டிஸ்க் ஓடவில்லை என்றால் கீறலோ, ஃபைனலைஸ் செய்யாததோ காரணமாக இருக்கும்.

• சினிமா டிஸ்க்கின் பூட்டை உடைத்து நகல் எடுத்து விற்கவோ பரப்பவோ செய்யாதீர்கள். 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. உங்கள் வீட்டு வீடியோவுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

• என்டிஎஸ்சியைப் பாலாக மாற்றிச் சேமிக்காதீர்கள். நடை வெட்டி வெட்டி வரும். இன்றைய போன், டிவி எல்லாம் இரண்டையும் ஓட்டும்.

• விபிஎன் போட்டு வேறு நாட்டு விலையில் மென்பொருள் வாங்காதீர்கள். நாடு பார்த்து ஆக்டிவேட் ஆகும் கீ இங்கே வேலை செய்யாமல் போகலாம், பணம் திரும்பாது. சந்தா என்றால் இன்னொரு சிக்கல்: 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி உங்கள் ஒப்புதல் பதிவாகாத கார்டில் தானாகப் பணம் பிடிக்க முடியாது. பாதி வேலையில் மென்பொருள் நின்றுவிடும்.

• யூடியூபை மட்டும் நம்பாதீர்கள். நம் கல்யாண வீடியோவில் நாதஸ்வரத்தைவிட இளையராஜா பாட்டு அதிகம். பாட்டின் உரிமையாளர் கோரினால் சில நாடுகளில் மட்டும் வீடியோ தடைபடலாம். பிரைவேட்டாக வைத்தாலும் இதே கதைதான். இங்கே உங்களுக்கு ஓடுவது டொரன்டோ அத்தைக்கு ஓடாமல் போகலாம். அவருக்குக் கூகுள் டிரைவ் லிங்க் அனுப்புங்கள், ஊருக்கு வருபவர் கையில் பென் டிரைவ் கொடுத்தனுப்புங்கள்.

• பதிவு முடிந்தது என்று பழைய டெக்கைப் பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள். கடைசிவரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. பக்கத்து வீட்டிலும் ஒரு கேசட் இருக்கும்.