பழைய சைக்கிள் பெடலை நாமே புதுப்பிக்கலாம்



1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். ஓட்டக் கற்றுக்கொண்டோம், சரி. ரிப்பேர் வந்தால் என்ன செய்கிறோம்? வீட்டு ஆம்பளைக்கு நேரம் கிடைக்கிற வரை வண்டியைச் சுவரில் சாய்த்து வைக்கிறோம். அந்த நாட்களில் சந்தைக்கும் நடை, வங்கிக்கும் நடை. ஆகவே இந்த மாதம் பெடலைப் பற்றிப் படிப்போம்.

கோளாறு எங்கே?

மிதிக்கும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வருகிறதா? முதலில் கிராங்கைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் காட்டர் பின்னோ உள் பேரிங்கோ தேய்ந்திருக்கும். அதைக் கடைக்காரர் பார்க்கட்டும். கிராங்க் ஆடாமல் பெடல் மட்டும் ஆடினால் வேலை நம்முடையது. அப்படியே விட்டுவைக்கக் கூடாது. லூசான பெடல் கிராங்கின் மரையைத் தின்றுவிடும். பிறகு கிராங்கையே மாற்ற வேண்டி வரும். பாரம் ஏற்றிப் போகும்போது பெடல் கழன்றால் விழுவதும் நாம்தானே!

கழற்றும் முறை

வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு எதிர் மரை. இது தெரியாமல் முறுக்கித்தான் பலர் மரையைக் கெடுக்கிறார்கள். சுலபமாக நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. ஸ்பேனர் பிடி மேலே நிற்கும்போது பின்சக்கரம் பக்கம் இழுத்தால் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். இரண்டு பக்கத்துக்கும் இதே கணக்குதான். 15 மி.மீ. மெல்லிய ஸ்பேனர் பெரும்பாலும் பொருந்தும். துரு பிடித்திருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு தாம்பாளத்தில் துணி விரித்து, அதன் மேல் வைத்துப் பிரியுங்கள். ஓர மூடி, நட்டு, வாஷர், கோன் என்று வரிசையாக வரும். பிறகு இரண்டு பக்கமும் பால்ஸ் கொட்டும். ஒரு பக்கத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் டீசலில் கழுவித் துடையுங்கள். கோனிலும் அச்சிலும் விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் நல்லது. குழி விழுந்திருந்தால் அந்தச் சாமானை மாற்ற வேண்டும்.

பிரிக்க முடியாதபடி அடித்து மூடிய பெடலும் உண்டு. அது தேய்ந்தால் முழுதாக மாற்றுவதுதான் வழி.

சாமான் வாங்கும்போது

* பழைய சாமானைக் கையோடு கொண்டு போங்கள். வாயால் சொல்லி வாங்காதீர்கள்.
* பால்ஸ் பெரும்பாலும் 5/32 அங்குலம். பழையதும் புதியதும் கலக்காமல் முழு செட்டாக மாற்றுங்கள்.
* அச்சு முனையில் இடதுக்கு 'எல்', வலதுக்கு 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பார்த்து வாங்குங்கள்.
* ரப்பர் கட்டை மட்டும் தேய்ந்திருந்தால் கட்டையை மட்டும் கேளுங்கள்.
* தாத்தா காலத்து சைக்கிளுக்குப் புது சாமான் பொருந்தாவிட்டால் பழைய இரும்புக் கடையில் தேடுங்கள். வளைந்த பெடலுக்குள்ளும் நல்ல கோன் கிடைக்கும்.

திரும்பப் பூட்டும் முறை

கிண்ணத்தில் கிரீஸ் தடவி, பால்ஸை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். அச்சை நுழைத்து மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். கோனைக் கையால் இறுக்கி, வாஷர் போட்டு நட்டைப் பூட்டுங்கள். பெடல் ஆடவும் கூடாது, இறுகிச் சுற்றாமல் நிற்கவும் கூடாது. கிராங்கில் மாட்டும்போது முதல் நான்கைந்து சுற்று கையாலேயே போக வேண்டும். போகவில்லையா? பக்கம் மாறியிருக்கும், நிறுத்திப் பாருங்கள். கடைசியில் ஸ்பேனரால் நன்றாக இறுக்குங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை சைக்கிள் ரிப்பேரில் நிற்கிறது?
2. குழுவுக்குப் பொதுவாக ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு டப்பா கிரீஸும் வாங்கலாமா?
3. முதலில் கற்றுக்கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித் தர யார் முன்வருகிறீர்கள்?

ஒரு பெடலைப் பிரித்துப் பூட்டிப் பாருங்க. அடுத்ததுக்கு யாரையும் கூப்பிட மாட்டீங்க!