இரண்டு அணிகளுக்கும் வெளியே நிற்கும் தம்பி தங்கைகளுக்கு

தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் இரண்டு பெரிய அணிகளிலும் சேராமல் முதன்முறையாக நிற்கப்போகும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னக் கட்சிகளின் தெருமுனை மேடையிலும் பூத்திலும் வாக்கு எண்ணும் கூடத்திலும் என் வயதின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. 1967 முதல் 2021 வரை நடந்த ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சி திமுகவுக்கோ அதிமுகவுக்கோதான் போனது. அது தெரிந்தும் நிற்க வருகிறீர்கள். அந்தத் துணிவை மனதார மதிக்கிறேன். துணிவோடு கூட வேண்டிய சில விஷயங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஒரே ஒரு கோரிக்கையை ஊரின் வாயில் வையுங்கள்.

"மாற்றம் வேண்டும்" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். என்ன மாற்றம் என்று டீக்கடையில் கேட்டால், உங்களுக்காகச் சுவரொட்டி ஒட்டும் பையனும் ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் மக்கள் நீதி மய்யம் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று அறிவித்தது. அடுத்த சில மாதங்களில் திமுக மாதம் 1,000 ரூபாய் என்றது, அதிமுக 1,500 என்றது. 2021 தேர்தலில் மய்யத்துக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆனால் 2023 செப்டம்பர் 15 அன்று திமுக அரசு மகளிர் உரிமைத் தொகை வழங்கத் தொடங்கியது. பாமக 2008 முதல் ஆண்டுதோறும் வேளாண்மைக்கென நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிட்டு வந்தது. 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் பட்ஜெட் பேரவையில் வாசிக்கப்பட்டது. வேட்பாளர் தோற்றாலும் கோரிக்கை ஜெயிக்க வழியுண்டு. கோரிக்கை தெளிவாக இருந்தால்தான் அது நடக்கும்.

2. சட்டமன்றத்தின் கையில் இருப்பதை மட்டும் வாக்குறுதியாகக் கொடுங்கள்.

நிலம், பட்டா, பாசனம், ஆரம்ப சுகாதார நிலையம், காவல்துறை, உள்ளாட்சி, மதுக்கடை எல்லாம் மாநிலத்தின் அதிகாரத்தில் வருபவை. ரயில் நிறுத்தமும் வங்கிக் கடனும் வருமான வரியும் அப்படியல்ல. கைதட்டலுக்காக அவற்றையும் சேர்த்துச் சொன்னால், விவரம் தெரிந்த ஒரு வாத்தியார் எழுந்து கேட்கும் ஒரு கேள்வியில் உங்கள் பேச்சு முழுவதும் சரிந்துவிடும். பெரிய கட்சிக்காரர் தவறாகச் சொன்னால் கட்சி காப்பாற்றும். உங்களைக் காப்பாற்ற உங்கள் சொல்லின் நாணயம் மட்டுமே இருக்கிறது. தொகுதியின் கண்மாய்கள் எவை, எங்கே ஆக்கிரமிப்பு, எந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வாங்கி வையுங்கள். கையில் தாளோடு பேசுகிறவரை யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

3. "நீ ஒரு ஆள் போய் என்ன செய்துவிடுவாய்?" என்பதற்குப் பதிலோடு போங்கள்.

வீட்டுக்கு வீடு இதைக் கேட்பார்கள். கோபப்படாமல் 2023 ஏப்ரலில் நடந்ததைச் சொல்லுங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா அந்த மாதம் 21ஆம் தேதி பேரவையில் நிறைவேறியது. ஆளுங்கட்சியிடம் தனிப்பெரும்பான்மை இருந்தது. இரண்டிரண்டு உறுப்பினர்களே இருந்த இரு கம்யூனிஸ்டுக் கட்சிகளும், நான்கு பேர் இருந்த விசிகவும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் வெளியே குரல் கொடுத்தன. சில நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 234 பேர் இருக்கும் அவையில் கை தூக்கும் எண்ணிக்கையால் தோற்கலாம். எதிர்ப்பு அவைக்குறிப்பில் ஏறிவிட்டால், வெளியே போராடுகிறவர்களுக்கு அது பெரிய பலம்.

4. "வாக்கைப் பிரிக்கிறாய்" என்ற குற்றச்சாட்டுக்கு அஞ்சாதீர்கள்.

2021இல் தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் வெறும் 137 வாக்கு. இப்படிப்பட்ட தொகுதியில் தோற்ற கட்சி உங்களைத்தான் குறை சொல்லும். வாக்கு எந்தக் கட்சிக்கும் பரம்பரைச் சொத்து கிடையாது. அது வாக்காளருடையது, கேட்டு வாங்க வேண்டியது. இதை மரியாதையாகச் சொல்லுங்கள். அதே சமயம், யாரையோ தோற்கடிப்பதற்காக இன்னொருவர் தரும் பணத்தில் நிற்பவர் என்ற பழி ஒருமுறை ஒட்டிக்கொண்டால் வாழ்நாளுக்கும் போகாது. அப்படிப்பட்ட பணம் வாசல்வரை வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

5. வேட்புமனுவை வழக்கறிஞர் ஒருவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். உங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது, முன்மொழிந்தவர்களில் இருவர் தங்கள் கையெழுத்தை மறுத்ததால்தான். ஒருவர் நான்கு மனு வரை தாக்கல் செய்யலாம். ஆகவே வெவ்வேறு பத்துப் பேரோடு இரண்டாவது மனுவும் கொடுங்கள். பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்; 'இல்லை' என்றாவது எழுதுங்கள். மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே உறுதிமொழி எடுத்துவிட வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000.

6. சின்னத்துக்கு முன்கூட்டியே ஓடுங்கள்.

நாம் தமிழர் கட்சி 2016இல் இரட்டை மெழுகுவர்த்தியில் நின்றது. 2019இலும் 2021இலும் கரும்பு விவசாயியில் நின்று அதை ஊர் ஊராகப் பதியவைத்தது. 2024இல் வேறொரு கட்சி முந்திக்கொண்டு விண்ணப்பித்ததால் அந்தச் சின்னம் கைவிட்டுப்போய், மைக் வந்தது. அந்தத் தேர்தலில் எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியதால் 2025 தொடக்கத்தில் அக்கட்சிக்கு அங்கீகாரம் கிடைத்தது. பதிவு மட்டும் பெற்ற கட்சி, குறைந்தது 5 சதவீதத் தொகுதிகளில் வேட்பாளரை நிறுத்துவதாக இருந்தால் பொதுச் சின்னம் கேட்கலாம். முதலில் வருபவருக்கே முன்னுரிமை. இயந்திரத்தில் அங்கீகாரம் பெற்ற கட்சிகளின் பெயர்கள் முதலில் வரும், பதிவுபெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஓர் இயந்திரத்தில் 16 வரிசைதான். ஆகவே உங்கள் பெயர் எத்தனையாவது வரிசை, எந்த இயந்திரம் என்பதையும் சின்னத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

7. கணக்கை அன்றன்றே எழுதுங்கள்.

செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். நம்மில் பலருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு திரட்டுவதே பெரும்பாடு. கொஞ்சப் பணம்தானே என்று கணக்கை அலட்சியம் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனுத்தாக்கலுக்கு முதல் நாளாவது தேர்தல் செலவுக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் முழுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். தவறினால் மூன்று ஆண்டு போட்டியிடத் தடை வரலாம். நன்கொடை தந்த ஆட்டோக்காரருக்கும் பூக்கார அக்காவுக்கும் அந்தக் கணக்கைக் காட்டுங்கள். அவர்கள் தந்த பத்து ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

8. பணம் வாங்கும் வாக்காளரை இகழாதீர்கள்.

பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவு தள்ளிப்போனது. 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. நோய் எவ்வளவு முற்றியது என்பதற்கு அவையே சாட்சி. கொடுப்பவர்களைப் பற்றிப் பறக்கும் படைக்கும் செலவினப் பார்வையாளருக்கும் ஆதாரத்தோடு புகார் கொடுங்கள். வாங்குகிற கூலிக்காரத் தாயை மேடையில் திட்டாதீர்கள். வேலையில்லாத நாளில் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். "என்னிடம் தர ஒன்றுமில்லை அம்மா, ஐந்து வருஷம் உங்கள் வேலையைச் செய்கிறேன்" என்று கும்பிட்டுக் கேளுங்கள். காசு வாங்கிய கையாலேயே மனசாட்சிப்படி வாக்களிப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

9. கூட்டத்தைவிட பூத்தை நம்புங்கள்.

ஒரு தொகுதியில் சுமார் 300 வாக்குச்சாவடிகள் இருக்கும். எல்லாவற்றிலும் உங்கள் ஏஜென்ட் உட்கார முடியாது என்றால், வலுவான நூறிலாவது காலை மாதிரி வாக்குப்பதிவு முதல் முத்திரை வைக்கும்வரை உட்காரட்டும். முடிந்ததும் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. 2016இல் ராதாபுரத்தில் 49 வாக்கில் முடிவான தேர்தல், தபால் வாக்கு எண்ணிக்கை குறித்த வழக்காகி உச்ச நீதிமன்றம்வரை போனது. 2021இல் கமல்ஹாசன் கோவை தெற்கில் 1,728 வாக்கில் தோற்றார். மூன்றாம் அணிக்காரருக்கும் நெருக்கமான முடிவு வரலாம். வரும்போது காகிதம் கையில் இருக்க வேண்டும்.

10. கூட்டணி அழைப்பு வரும்போது கொள்கையை முதலில் பேசுங்கள், இடங்களைப் பிறகு பேசுங்கள்.

2005இல் தொடங்கிய தேமுதிக 2006இல் தனித்து நின்று எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியது. விருத்தாசலத்தில் விஜயகாந்த் மட்டும் வென்றார். 2011இல் அதிமுகவோடு சேர்ந்து 29 இடம் பெற்று, அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு நின்று ஓர் இடமும் பெறவில்லை. தனித்து நின்றபோது நம்பி வந்த வாக்காளருக்கு, ஏன் சேர்ந்தோம், ஏன் பிரிந்தோம் என்பதை விளக்கும் கடமை கட்சிக்கு உண்டு. விளக்க முடியாத கூட்டணிக்குச் சம்மதிக்காதீர்கள்.

11. டெபாசிட் போனால் தலைகுனியாதீர்கள்.

செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் டெபாசிட் திரும்பும். 1,80,000 வாக்கு பதிவானால் 30,000க்கு மேல் வேண்டும். நாம் தமிழர் 2016இல் ஒரு சதவீதம்தான் வாங்கியது. 2021இல் 234 வேட்பாளர்களில் 117 பேரைப் பெண்களாக நிறுத்தி, ஆறரை சதவீதம் வாங்கியது. அதன் கொள்கை உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். விடாமல் நின்றதால் வளர்ந்தது என்ற உண்மையை மறுக்க முடியாது. முடிவு வந்த மறுவாரம் வாக்களித்தவர்களுக்கு நன்றி சொல்லத் தெருத்தெருவாகப் போங்கள். தேர்தலின்போது எழுதி வாங்கிய பட்டா மனுவையும் குடிநீர் மனுவையும் எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். பதவி இல்லாமலேயே தொகுதி வேலை பார்த்தவரை அடுத்த தேர்தலில் மக்கள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

தம்பி, தங்கைகளே, இரண்டு பேருக்குள் மட்டுமே தேர்ந்தெடுக்கும் நிலை மக்களாட்சிக்கு நல்லதல்ல. மூன்றாவதாக ஒரு நேர்மையான பெயர் இயந்திரத்தில் இருந்தால்தான் முதல் இருவருக்கும் பொறுப்பு வரும். அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். நில்லுங்கள், சொன்ன சொல்லில் நில்லுங்கள், தோற்றாலும் தொகுதியை விட்டுப் போகாதீர்கள்.