காசில்லாத இருபத்தொன்று: ஜொகூரில் ஒரு சீட்டுப் போட்டியை நடத்துவது எப்படி

தீபாவளிக்கு அடுத்த வாரக் கடைசியில் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ‘இருபத்தொன்று’ எனப்படும் பிளாக்ஜாக் போட்டி நடக்கும். ஸ்கூடாய் வட்டாரத்துக் குடும்பங்கள், தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்கள், தோட்டத்தில் வளர்ந்து பட்டணத்துக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, ரொக்கப் பரிசும் இல்லை. அப்படியும் இறுதி ஆட்டத்தில் பேச்சுமூச்சு இருக்காது. இந்தப் போட்டியை நடத்துவதில் எனக்குக் கிடைத்த அனுபவத்தை, நடத்த நினைக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டம், பிறகு சீட்டு

மலேசியாவில் உரிமம் பெற்ற சூதாட்ட விடுதி ஒன்றே ஒன்றுதான். அது பகாங் மாநிலத்தில், கெந்திங் மலையில் இருக்கிறது. 1969இல் உரிமம் கிடைத்து 1971இல் திறக்கப்பட்ட அந்த விடுதிக்குள் முஸ்லிம்களும் 21 வயது நிரம்பாதவர்களும் நுழைய முடியாது. ஜொகூரில் அப்படி ஓர் இடமே கிடையாது.

1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம் சூதாட்டத்துக்குத் தெளிவான இலக்கணம் வைத்திருக்கிறது. அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டத்தையோ, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தையோ, பணத்துக்காகவோ பண மதிப்புள்ள எதற்காகவோ ஆடினால் அது சூதாட்டம். அதற்கென ஓர் இடத்தில் கூடி ஆடிப் பிடிபட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. இடத்தை நடத்துபவருக்குத் தண்டனை இன்னும் கடுமை.

“வீட்டுக்குள்ளதானே அண்ணே, ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டா என்ன?” என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். சிங்கப்பூரில் 2022இல் வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், உறவினரும் நண்பர்களும் வீட்டில் ஆடுவதற்கு நிபந்தனையோடு இடம் தருகிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் அதே சலுகை இங்கேயும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். “தம்பி, அந்தச் சட்டம் பாலத்தோட நின்னுடுச்சு” என்பதுதான் என் பதில்.

ஆகவே கட்டணம் வேண்டாம். தோற்றவர் காசு கொடுத்து மறுபடி சேரும் வழி வேண்டாம். சிப்புகளுக்கு ஆட்டம் முடிந்த பிறகு எந்த மதிப்பும் இருக்கக் கூடாது. வென்றவருக்கு ஒரு சுழற்கோப்பையும் சான்றிதழும் போதும். கோப்பை ஓராண்டு அவர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வரும். மண்டபம் எடுத்து நடத்துவதாக இருந்தால், விதித்தாளைக் காட்டி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கோயில் மண்டபத்தைக் கேட்கவே வேண்டாம். முஸ்லிம் அண்டை வீட்டாரைச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் அழையுங்கள். சீட்டு மேசைக்கு அழைக்காதீர்கள். மாநில ஷரியா சட்டத்திலும் அவர்களுக்குச் சூதாட்டம் குற்றம் என்பதால், காசில்லாத ஆட்டமானாலும் அவர்களைச் சங்கடத்தில் வைக்க வேண்டாம். சிறுவர்களுக்கு வேறோர் அறையில் கேரம் பலகை போட்டுவிடுவோம்.

பான் லக் வேறு, பிளாக்ஜாக் வேறு

ஜொகூரில் வளர்ந்தவர்களுக்கு 21 என்றால் சீனப் புத்தாண்டில் ஆடும் பான் லக்தான். அதில் இரண்டு ஏஸ் வந்தால் மிகப் பெரிய வெற்றி. ஐந்து சீட்டு எடுத்தும் 21ஐத் தாண்டாவிட்டால் கூடுதல் வெற்றி. குறைந்தது 16 சேரும்வரை (சில வீடுகளில் 15) சீட்டு எடுத்தே ஆக வேண்டும். பேங்கர் விரும்பினால் ஒருவருடைய சீட்டை மட்டும் முதலில் திறந்து கணக்கு முடிக்கலாம்.

போட்டி பிளாக்ஜாக்கில் இவை எதுவும் கிடையாது. இதை எழுதி ஒட்டாவிட்டால், ஐந்து சீட்டோடு ஒருவர் எழுந்து நின்று இரட்டிப்புக் கேட்பார். அவர் கேட்பது அவர் வீட்டு வழக்கப்படி நியாயமே. அதனால் எங்கள் விதித்தாளின் முதல் பகுதியே ‘இங்கே செல்லாதவை’ என்பதுதான். தாள் தமிழிலும் மலாயிலும் இருக்கும்.

செல்லும் விதிகள் சில வரிகளில் அடங்கும். ஏஸுக்கு 1 அல்லது 11, படச்சீட்டுக்கு 10. டீலர் 16 வரை எடுக்க வேண்டும். 17 வந்தால், அதில் ஏஸ் 11ஆக எண்ணப்பட்டிருந்தாலும், நிற்க வேண்டும். ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும் முதல் இரண்டிலேயே வந்தால் பிளாக்ஜாக். அதற்கு இரண்டுக்கு மூன்று என்று கொடுக்க வேண்டும். டபுள் செய்யலாம், ஜோடியை ஒருமுறை பிரிக்கலாம். இன்சூரன்ஸ், பாதியில் சரணடைதல் இரண்டையும் நீக்கிவிட்டோம். புதியவர்களுக்குக் குழப்பமும் குறைந்தது, நேரமும் மிச்சமானது.

இரண்டுக்கு மூன்று என்பதை ஐந்துக்கு ஆறு என்று மாற்றச் சிலர் சொல்வார்கள். சூதாட்ட விடுதிகள் லாபத்துக்காகச் செய்யும் மாற்றம் அது. அந்த ஒரு மாற்றத்திலேயே ஆடுபவருக்கு எதிரான சதவீதம் ஏறத்தாழ 1.4 கூடிவிடும். நம் போட்டியில் யாருக்கும் லாபம் தேவையில்லை என்பதால் பழைய கணக்கே இருக்கட்டும்.

மேசையும் சிப்பும்

எங்களுக்கு ஒத்துவந்த அளவு 36 பேர். ஆறு மேசை, மேசைக்கு ஆறு பேர். ஒவ்வொரு மேசையிலும் முதல் இருவர் அரையிறுதிக்குப் போவார்கள். அந்த 12 பேர் இரண்டு மேசையில் ஆட, மேசைக்கு மூவராக ஆறு பேர் இறுதிக்கு வருவார்கள். ஒரு சுற்றுக்கு 20 கை. பழகாத டீலர்களை வைத்து ஆடினால் சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஆறு பேரும் டீலரும் சேர்ந்தால் ஒரு கைக்குச் சுமார் 19 சீட்டு செலவாகும். ஒரே கட்டில் ஆடினால் இரண்டு கைக்கு ஒருமுறை கலைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேசைக்கு நான்கு கட்டு, அதாவது 208 சீட்டு வைத்தால் எட்டுக் கைவரை நிற்காமல் ஓடும். அத்தனையும் கையில் பிடித்துப் போட முடியாது. சீட்டு வழுக்கி வரும் ‘ஷூ’ பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

சிப்பு விஷயத்தில் ஒரு சிறு கணக்கு பெரிய தலைவலியைத் தவிர்க்கும். 25 வைத்தவருக்குப் பிளாக்ஜாக் வந்தால் 37.50 கொடுக்க வேண்டும். அரைச் சிப்புக்கு எங்கே போவது? அதனால் எல்லாப் பந்தயமும் 20இன் மடங்காக இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டோம். 20க்கு 30, 40க்கு 60 என்று கணக்கு நேராக வரும். ஆளுக்கு 1,000 புள்ளி: 100இல் ஆறு, 50இல் ஆறு, 10இல் பத்து. குறைந்தபட்சப் பந்தயம் 20, அதிகபட்சம் 500. சிப்புகள் எப்போதும் மேசைமேல், எதிரே இருப்பவர் எண்ணக்கூடியபடி அடுக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய சிப்பைச் சின்னதுக்கு அடியில் ஒளிப்பதற்கு முதல்முறை எச்சரிக்கை. மறுமுறை ஒரு கை வெளியே.

எதிரி டீலர் அல்ல

புதிதாக நடத்துபவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. சாதாரண பிளாக்ஜாக்கில் டீலரை வெல்வதே வேலை. போட்டியில் பக்கத்தில் இருப்பவரைவிட ஒரு சிப்பு கூடுதலாக வைத்திருப்பதே வேலை. எல்லாரும் தோற்று 200இல் நின்றாலும் 220 வைத்திருப்பவர் முன்னேறுவார். ஆகவே யார் முதலில் பந்தயம் வைக்கிறார், யார் கடைசியில் வைக்கிறார் என்பதுதான் ஆட்டத்தின் உயிர்.

ஒரு கணக்குப் பாருங்கள். இறுதிச் சுற்றின் கடைசிக் கை, பந்தயத்தை எல்லாரும் வெளிப்படையாக வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடம் 1,200, அடுத்தவரிடம் 1,100, மற்றவர்கள் எட்டாத தூரத்தில். 1,100காரர் முதலில் 500 வைத்தால், முன்னணியில் இருப்பவரும் 500 வைத்துவிடுவார். இருவரும் வென்றாலும் இருவரும் தோற்றாலும் முன்னணி மாறாது. டீலர் ஒருவரே என்பதால் பெரும்பாலும் இருவரும் சேர்ந்தே வெல்வார்கள் அல்லது சேர்ந்தே தோற்பார்கள். இப்போது வரிசையைத் திருப்புங்கள். முன்னணிக்காரர் முதலில் 20 வைத்துவிட்டார். 1,100காரர் 140 வைக்கிறார். அந்தக் கையை வென்றால் 1,240. எதிராளி வென்றாலும் 1,220தான். கையை வெல்லும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுக் குறைவு என்றாலும், முன்னதைவிடப் பல மடங்கு மேல். சீட்டு மாறவில்லை, ஆள் மாறவில்லை. வரிசை மட்டுமே மாறியிருக்கிறது.

இதனால்தான் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பட்டன் வைக்கிறோம். தொடக்கத்தில் ஆளுக்கொரு சீட்டு எடுத்து, பெரிய சீட்டு வந்தவருக்குப் பட்டன். பட்டன் வைத்திருப்பவர்தான் முதலில் பந்தயம் வைக்க வேண்டும், முதலில் ஆட வேண்டும். கை முடிந்ததும் அது இடப்புறம் நகரும். டீலர் பட்டனை நகர்த்த மறந்தால் மேசையில் யாரும் சொல்லலாம். ஆனால் சீட்டுப் போட்ட பிறகு சொன்னால் செல்லாது.

கடைசிக் கைக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. 2006இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அல்டிமேட் பிளாக்ஜாக் டூர் போட்டியில், ஒரு சுற்றில் ஒருமுறை மட்டும் ரகசியப் பந்தயம் வைக்கலாம் என்று விதி இருந்தது. 8, 16, 25ஆவது கைகள் முடிந்ததும் மிகக் குறைவாக வைத்திருப்பவர் வெளியேற வேண்டும் என்றும் இருந்தது. வெளியேற்றத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. விருந்துக்கு வந்தவரை எட்டாவது கையில் எழுப்பி அனுப்புவது நம் ஊர்ப் பழக்கத்துக்கு ஒவ்வாது. ரகசியப் பந்தயத்தை மட்டும் எடுத்து, 20ஆவது கையில் எல்லாருமே தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று ஆக்கினோம். கடைசியில் வைப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலம் இதில் அடிபட்டுப்போகிறது. 15ஆவது கை முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, எல்லாருடைய சிப்பையும் எண்ணி உரக்கச் சொல்ல வேண்டும். கடைசி ஐந்து கையை இருட்டில் ஆட விடக் கூடாது.

டீலர், நடுவர், தகராறு

டீலராக வருபவர் வேகமானவராக இருக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரி செய்பவராக இருக்க வேண்டும். சீட்டை இடப்புறமிருந்து போட வேண்டும். கணக்கை வலப்புறமிருந்து முடிக்க வேண்டும். தோற்றவரின் சிப்பை எடுத்த பிறகே வென்றவருக்குக் கொடுக்க வேண்டும். மேசையில் இருப்பவர்கள் டீலரின் உறவினராக இருக்கக் கூடாது. எங்கள் தாமானில் எல்லாரும் யாருக்காவது மாமா, மச்சான் என்பதால் சுற்றுக்குச் சுற்று டீலரை மாற்றிவிடுவோம். முந்தைய ஞாயிறு ஒரு மணி நேரம் பயிற்சி வைத்தால் போதும்.

ஜொகூரில் நாளைத் தேர்ந்தெடுப்பதே முன்பு பெரும்பாடு. 2014 முதல் இங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்குச் சனியும் ஞாயிறும். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டதால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. என்றாலும் பாலத்தில் நெரிசல் தீரவில்லை. தாமதமாக வருபவருக்கு ஒவ்வொரு கைக்கும் குறைந்தபட்சப் பந்தயமான 20 கழிந்துகொண்டே இருக்கும். ஐந்தாவது கைக்குள் வராவிட்டால் இடம் மாற்று ஆட்டக்காரருக்கு.

தகராறு வரும் இடங்கள் எல்லா மேசையிலும் ஒன்றே. டீலர் 17இல் நிற்காமல் இன்னொன்று எடுத்துவிட்டால், அந்தச் சீட்டை ஒதுக்கிவிட்டு 17 என்றே கணக்கு. சீட்டு தவறித் திறந்துகொண்டால், யாரும் முடிவெடுப்பதற்கு முன்பு என்றால் கை ரத்து. பிறகு என்றால் ஆட்டம் தொடரும். ‘போதும்’, ‘இன்னொன்று’ என்பதை வாயால் சொல்லாமல் கையால் காட்ட வேண்டும். விருந்து வீட்டுச் சத்தத்தில் காது நம்பத்தக்கதல்ல. பக்கத்தில் நின்று யோசனை சொல்பவருக்கு இடமில்லை, கைப்பேசிக்கும் இல்லை. பந்தயம் வைக்க 20 விநாடி. சமநிலையில் முடிந்தால் இருவருக்கும் 500 புள்ளி கொடுத்து மூன்று கை.

தீர்ப்புச் சொல்ல ஒரே ஒரு தலைமை நடுவர் போதும். அவர் ஆடக் கூடாது. விதித்தாளில் இருப்பதைத்தான் அவர் சொல்லலாம். தாளில் இல்லாதது வந்தால் அவர் சொல்வதே முடிவு. அன்றிரவே அது தாளில் ஏற வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சிப்புக் கணக்கை எழுதி, மேசையில் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். வயதில் பெரியவர் என்பதற்காக விதியை வளைத்தால் அடுத்த ஆண்டு இளைஞர்கள் வர மாட்டார்கள். மரியாதையை நாற்காலி போட்டுக் கொடுப்பதில் காட்டலாம்.

நடத்தப் போகிறவர்களுக்கு

ஆட்டம் தொடங்குமுன் விதித்தாளை முழுவதும் உரக்கப் படியுங்கள். கேள்விகளை அப்போதே கேட்டு முடிக்கச் சொல்லுங்கள். முதல் ஆண்டு இரண்டே மேசையோடு தொடங்குங்கள். போட்டி நன்றாக நடந்துவிட்டால், “அடுத்த வருசம் சின்னதா ஏதாவது காசு வைப்போமே” என்ற குரல் கட்டாயம் எழும். அதற்கு ஒருபோதும் இணங்காதீர்கள். பத்து ரிங்கிட் மேசைக்கு வந்த நிமிடத்தில் தோற்றவர் சிரிக்க மாட்டார், வீட்டுப் பெண்கள் வர மாட்டார்கள், சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. காசை வெளியே நிறுத்தி, விதியை எழுதி வைத்தால், 36 பேர் ஒரு பகல் முழுவதும் மனக்கசப்பில்லாமல் ஆட இந்த ஆட்டமே போதும்.