விரும்பிய இசை மாறும்போது

இசைக்கு மயங்காத உள்ளம் இல்லை என்பர். மயங்கிய அதே உள்ளம் ஒரு நாள் முகம் சுளிப்பதும் உண்டு. நாம் உயிரெனப் போற்றும் இசைக்குழு புதிய தொகுப்பு ஒன்றை வெளியிடுகிறது. ஆவலோடு கேட்கிறோம். பழைய துள்ளல் இல்லை. பழைய இனிமையும் இல்லை. "இவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று முணுமுணுக்கிறோம். இடைவேளை நேரத்தில் வகுப்பறைகளில் அடிக்கடி நடக்கும் வழக்கு இது. ஒரு சாரார் "மாறியது நன்று" என்பர். மறு சாரார் "கெட்டுப்போயிற்று" என்பர். மணி அடித்துவிடும், தீர்ப்பு மட்டும் கிடைக்காது.

இவ்வழக்கை அமைதியாக ஆராய்ந்து பார்க்க ஜப்பான் நாட்டு இசைக்குழு ஒன்றின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும். ஐந்தே ஆண்டுகளில் தன் ரசிகர்களை இருமுறை, அதுவும் இரு வேறு திசைகளில், திகைக்க வைத்த குழு அது. அதன் பெயர் எல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா. சுருக்கமாக ஒய்.எம்.ஓ. என்பர்.

மூவர் கூடினர்

1978ஆம் ஆண்டு டோக்கியோவில் இக்குழு பிறந்தது. ஹாருவோமி ஹொசோனோ, ரியூயிச்சி சகமோட்டோ, யுகிஹிரோ தகாஹாஷி ஆகிய மூவரும் இதன் உறுப்பினர்கள். மூத்தவரான ஹொசோனோ அதற்கு முன்பே 'ஹாப்பி எண்டு' என்னும் குழுவில் இருந்து, ஜப்பானிய மொழியில் ராக் இசையைப் பாட முடியும் என்று காட்டியவர். தகாஹாஷி டிரம்ஸ் வாசிப்பவர், பாடகரும்கூட. சகமோட்டோ முறையாக மேலை இசை பயின்றவர். அதனால் நண்பர்கள் அவரைப் 'பேராசிரியர்' என்றே அழைத்தனர்.

ஹொசோனோவுக்கு நம் நாட்டோடும் ஒரு சிறு தொடர்பு உண்டு. அவர் ஓவியர் ததனோரி யோகூவுடன் இந்தியா வந்து சென்றார். அப்பயணத்தின் பயனாக 1978இல் 'கொச்சின் மூன்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதிலுள்ள ஓர் இசைக்கோவையின் பெயர், சென்னையில் இருந்த தூதரகத் தலைவரின் துணைவியாரைக் குறிக்கிறது. ஒரே இடத்தில் நில்லாத மனத்தர் அவர் என்பதற்கு இதுவே சான்று. ரசிகர்கள் இதை நினைவில் வைத்திருந்தால், பின்னர் வந்த மாற்றங்கள் அவர்களை அவ்வளவு திடுக்கிடச் செய்திரா.

எண்களால் எழுதிய இசை

ஒய்.எம்.ஓ.வின் இசை சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவிகளால் ஆனது. அவற்றை இயக்க, ரோலண்ட் நிறுவனத்தின் எம்.சி.8 என்ற சிறு கணிப்பொறியைப் பயன்படுத்தினர். ஒவ்வொரு சுரத்திற்கும் அதன் உயரம் என்ன, அடுத்த சுரம் எப்போது வரவேண்டும், ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கவேண்டும் என்பவற்றை எண்களாக மாற்றி, பொத்தான்களைத் தட்டி உள்ளே செலுத்த வேண்டும். ஒரு பாட்டுக்கு எத்தனை ஆயிரம் எண்கள் என்று எண்ணிப் பாருங்கள்! இப்பணியைப் பொறுமையோடு செய்தவர் ஹிதேகி மட்சுதாகே. அவரை 'நான்காம் உறுப்பினர்' என்றே ரசிகர்கள் கூறுவர். இயந்திரம் தரும் தாளத்தைச் செவியில் மாட்டிய கேட்பொறி வழியே கேட்டுக்கொண்டே தகாஹாஷி டிரம்ஸ் வாசிப்பார். மனிதக் கை இயந்திரத்தோடு அடி பிசகாமல் இணைந்து நடந்த புதுமை அது.

1979 செப்டம்பரில் வெளிவந்த 'சாலிட் ஸ்டேட் சர்வைவர்' என்ற இரண்டாம் தொகுப்பு, ஜப்பானில் பத்து லட்சத்திற்கும் மேல் விற்றது. அதில் தகாஹாஷி அமைத்த 'ரைடீன்', சகமோட்டோ அமைத்த 'டெக்னோபோலிஸ்' ஆகிய இரண்டும் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. 'ரைடீன்' குதிரைப் பாய்ச்சல் போன்ற தாளமுடையது. ஒருமுறை கேட்டாலே நாவில் ஒட்டிக்கொள்ளும். தொடக்கப் பள்ளிச் சிறுவர்கள்கூட அதை முணுமுணுத்தனர். மூவரும் காதோர முடியைக் கூர்மையாக வெட்டியிருந்த பாணியை இளைஞர்கள் பின்பற்றினர். அதற்கு 'டெக்னோ கட்' என்று பெயரும் வந்தது. 1980இல் இங்கிலாந்தின் இசைத்தட்டுப் பட்டியலிலும் அவர்களுடைய பாட்டு ஒன்று முதல் இருபதுக்குள் இடம்பெற்றது.

முதல் திகைப்பு

புகழ் வந்தது, அதனோடு சுமையும் வந்தது. தெருவில் நிம்மதியாக நடக்க முடியவில்லை. அடுத்ததும் 'ரைடீன்' போலவே இருக்கும் என்று நாடே காத்திருந்தது. இந்நிலையில் 1981 மார்ச் மாதம் 'பி.ஜி.எம்.' என்ற தொகுப்பு வெளிவந்தது. அப்பெயருக்குப் 'பின்னணி இசை' என்று பொருள். ஆயினும் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்கத்தக்க இசையாக அது இல்லை. ஒலி கனமாக இருந்தது. மெட்டு தயங்கித் தயங்கி நடந்தது. குதிரைப் பாய்ச்சலை எதிர்பார்த்து அமர்ந்தவர்களுக்கு மூடுபனியில் நடப்பது போன்ற உணர்வே கிட்டியது.

எட்டே மாதங்களில், அதே ஆண்டு நவம்பரில், 'டெக்னோடெலிக்' வந்தது. இதில் வேறொரு புதுமை. வெளியுலகின் ஒலியையும் மனிதக் குரலின் சிறு துணுக்கையும் மின்னணு நினைவகத்தில் பதிந்து, வேண்டும்போது வேண்டிய தாளத்தில் மீண்டும் ஒலிக்கச் செய்தனர். அதற்கெனத் தனியே ஒரு கருவியையே உருவாக்கிப் பயன்படுத்தினர். இம்முறையைப் பெரிதும் கையாண்ட உலகின் முதல் தொகுப்புகளுள் இதுவும் ஒன்று. ஆலையின் இயந்திர ஓசை போன்ற தாளங்கள் இதில் மிகுதி.

ரசிகர்கள் என்ன செய்தனர்? 'ரைடீ'னுக்காக வந்த சிறுவர் பலர் விலகிப் போயினர். "இருட்டாக இருக்கிறது", "புரியவில்லை" என்பதே அவர்கள் குறை. எஞ்சியவர்களோ முன்னிலும் நெருங்கி வந்தனர். இவ்விரு தொகுப்புகளையும் திரும்பத் திரும்பக் கேட்டு, இவையே குழுவின் சிகரம் என்று கொண்டாடினர்.

இரண்டாம் திகைப்பு

கதை இத்துடன் முடிந்திருந்தால், "கலைஞர் முன்னே போனார், ரசிகர் பின்தங்கினார்" என்று எளிதில் எழுதிவிடலாம். ஆனால் 1983இல் நடந்ததைக் கேளுங்கள்.

1982இல் மூவரும் பெரும்பாலும் தனித்தனியே பணியாற்றினர். 1983 மார்ச்சில் மீண்டும் கூடி வந்து அவர்கள் தந்தது 'கிமி நி, முனே க்யூன்' என்ற காதல் பாட்டு! அழகுசாதன நிறுவனமான கனேபோவின் விளம்பரத்துக்காக அமைந்தது அது. பாடல் இயற்றியவர், ஹொசோனோவின் பழைய குழுத் தோழரான தகாஷி மட்சுமோட்டோ. மெட்டோ தேன்பாகு. அன்றைய இளம் பாடகியர் பாடும் பாட்டைப் போலவே முப்பது வயது கடந்த இந்த மூவரும் சிரித்துக்கொண்டே பாடினர். பாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது.

இம்முறை திகைத்தவர்கள் யார்? 'டெக்னோடெலி'க்கைக் கொண்டாடியவர்கள்! "கடினமான இசையை எங்களுக்குப் பழக்கிவிட்டு, இவர்கள் மட்டும் எளிய பாட்டுக்குப் போய்விட்டார்களே!" என்பது அவர்கள் ஆதங்கம். முன்பு விலகிப் போனவரோ, "இப்போதுதான் நல்ல பாட்டு" என்று மகிழ்ந்தனர். பாடியவர்கள் அதே மூவர். புகாரும் அதே புகார். புகார் செய்தவர் மட்டுமே வேறு. அந்த ஆண்டு டிசம்பரில் டோக்கியோவின் நிப்பான் புடோக்கான் அரங்கில் விடைபெற்றபோது, 'கலைந்துவிட்டோம்' என்ற வழக்கமான சொல்லை அவர்கள் ஆளவில்லை. 'விரிந்து பரவுகிறோம்' என்னும் பொருளுடைய 'சங்காய்' என்ற சொல்லையே ஆண்டனர்.

மூன்று வாக்கியங்கள்

இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் யாது? ரசிகர்களின் பேச்சைக் கூர்ந்து நோக்கினால் அதில் மூன்று வாக்கியங்கள் கலந்து கிடப்பதைக் காணலாம்.

ஒன்று: "எனக்கு இது பிடிக்கவில்லை." இது செவி தரும் செய்தி. இதற்குச் சான்று தேவையில்லை. இதை மறுக்கவும் எவராலும் இயலாது. புளிப்பு பிடிக்காதவரிடம் "உனக்குப் பிடிக்கிறது" என்று வாதாட முடியுமா?

இரண்டு: "இது நன்றாக இல்லை." இது மதிப்பீடு. இதற்குக் காரணம் கூற வேண்டும். மெட்டில் குறையா, தாளத்தில் குறையா, பாடல் வரியில் குறையா? காரணம் கூற முடியாதபோது நாம் முதல் வாக்கியத்திற்கே திரும்பிவிடுவது நேர்மை.

மூன்று: "இவர்கள் நம்மை ஏமாற்றிவிட்டார்கள்." இது குற்றச்சாட்டு. ஏமாற்றம் என்றால் முன்பு ஒரு வாக்குறுதி இருந்திருக்க வேண்டும். 'ரைடீன்' போன்றே என்றும் இசைப்போம் என்று அம்மூவர் எவருக்கும் வாக்களிக்கவில்லை. அந்த வாக்குறுதியை எழுதியவரும் ரசிகர், கையொப்பமிட்டவரும் ரசிகரே.

முதல் வாக்கியத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் மூன்றாவதைச் சொல்லிவிடுவதே சண்டைகளுக்கெல்லாம் வேர். இசைக்கு மட்டுமா இது பொருந்தும்? கூடவே திரிந்த தோழி இவ்வாண்டு கூடைப்பந்துக் குழுவில் சேர்ந்து வேறு தோழியரோடு பேசுகிறாள். "எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்பது உண்மை. "அவள் என்னை ஏமாற்றிவிட்டாள்" என்பது உண்மையா? நேற்றுவரை தாம் வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகத்தை விரும்பிப் படித்த மகள், இன்று வேறு புத்தகம் கேட்கும்போது பெற்றோரும் இந்த மூன்று வாக்கியங்களையும் பிரித்துப் பார்க்கலாம் அன்றோ?

ரசிகர் பக்கமும் நியாயம் உண்டு

அதற்காக ரசிகரை இகழ்தல் தகாது. ஒரு பாட்டை நாம் பாட்டாக மட்டும் கேட்பதில்லை. கேட்ட வயதும், உடனிருந்தவர்களும், அன்றைய மழையும் வெயிலும் அதனோடு சேர்ந்தே நெஞ்சில் பதிகின்றன. பத்து வயதில் 'ரைடீன்' கேட்டுத் துள்ளிய சிறுவன், பன்னிரண்டாம் வயதில் 'பி.ஜி.எம்.' கேட்டபோது இழந்தது ஒரு மெட்டை மட்டுமன்று. தன் பத்தாம் வயதையும்தான். அந்த வருத்தம் அன்பின் மறுபக்கம். அன்பில்லாதவர் ஏமாறுவதில்லை.

செவிக்கும் காலம் தேவை. ஒன்றை அடிக்கடி காணுந்தோறும் கேட்குந்தோறும் அதன்மேல் விருப்பம் வளர்கிறது என்று 1968இல் ராபர்ட் சயன்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஆய்ந்து காட்டினார். ஆகவே, ஒருமுறை கேட்டுத் தீர்ப்பு வழங்குவது அவசரத் தீர்ப்பு. மூன்று நான்கு முறை கேட்டபின்பும் பிடிக்கவில்லையா? அப்போது தயங்காமல் "பிடிக்கவில்லை" என்று கூறலாம்.

காலம் காட்டிய காட்சி

'பி.ஜி.எம்.' தொகுப்பில் ரோலண்டின் டி.ஆர்.808 என்ற தாளப்பொறி ஒலிக்கிறது. 1980இல் சந்தைக்கு வந்த அப்பொறி அன்று சரியாக விற்பனையாகவில்லை. 1983இல் அதன் உற்பத்தியே நின்றுபோயிற்று. பின்னாளில் அமெரிக்காவின் ஹிப்-ஹாப் இசையும் உலகெங்கும் உள்ள நடன இசையும் அதே ஒலியின்மீது எழுந்தன. அன்று இருட்டாகத் தோன்றிய ஒலி இன்று சிறுவர்க்கும் பழகிய ஒலி ஆகிவிட்டது.

விரிந்து பரவிய மூவரும் வெவ்வேறு வழியில் சிறந்தனர். 'தி லாஸ்ட் எம்பரர்' திரைப்பட இசைக்காகச் சகமோட்டோ வேறிருவருடன் 1988இல் ஆஸ்கர் விருது பெற்றார். 2007இல் மூவரும் மீண்டும் கூடி, அந்த 'ரைடீ'னையே புதிதாக இசைத்தனர். இம்முறை குதிரை பாயவில்லை. மாலை நேரத்தில் ஆற்றங்கரையில் நடப்பது போல மெல்ல நடந்தது. பழைய பாட்டைத் தாருங்கள் என்று கேட்டவர்களுக்குப் பழைய பாட்டே கிடைத்தது, வயது ஏறிய பாட்டாக. கேட்டவர்களுக்கும் அதே இருபத்தெட்டு ஆண்டுகள் ஏறியிருந்தன. 2023 ஜனவரியில் தகாஹாஷியும், மார்ச்சில் சகமோட்டோவும் மறைந்தனர். இனி அம்மூவரும் கூடி நம்மைத் திகைக்க வைக்கப் போவதில்லை. அவர்கள் மாறிக்கொண்டே இருந்த ஆண்டுகளில் ரசிகர்கள் சலித்துக்கொண்டதுகூட எத்துணை இனிய சலிப்பு என்று இப்போது விளங்குகிறது.

ஆகவே தோழியரே, நமக்குப் பிடித்த குழு மாறும்போது வருந்துவோம். அது நம் உரிமை. காரணம் தேடுவோம், அது நம் கடமை. குற்றம் சாட்டுமுன் மட்டும் சற்றே நின்று, கொடுத்த வாக்கு எது என்று கேட்டுப் பார்ப்போம்.

சிந்தனைக்கு

1. உங்களுக்குப் பிடிக்காத ஒரு பாட்டைப் பற்றி, மேற்கூறிய மூன்று வாக்கியங்களுள் எது உண்மையில் பொருந்தும்? காரணம் கூறுக.

2. 1981இல் விலகியவரும் 1983இல் விலகியவரும் நேரில் சந்தித்தால் என்ன பேசிக்கொள்வர்? உரையாடலாக எழுதுக.

3. முதலில் பிடிக்காமல், பலமுறை கேட்டபின் பிடித்துப்போன பாட்டு ஒன்றை உங்கள் பெற்றோரிடம் கேட்டறிந்து எழுதுக.